மூன்றாம் மாதம் நின்றுபோகும் பிள்ளைகள்

கேள்வி: நான் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் திட்ட ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்த பிறகு மையங்களில் வாசிப்புப் பயிற்சி தருகிறோம். ஓர் அறக்கட்டளை மூன்று வருடத்துக்கு நிதி தந்திருக்கிறது. இன்னும் எட்டு மாதத்தில் அது முடிகிறது. முடியும்போது வெளியாள் ஒருவரை வைத்து மதிப்பீடு செய்ய வேண்டும் என்பது ஒப்பந்தம். முந்தைய திட்டத்துக்கும் இப்படி ஒரு மதிப்பீடு நடந்தது. அந்த ரிப்போர்ட் அலமாரியில் இருக்கிறது, யாரும் படித்ததாகத் தெரியவில்லை. மாதாமாதம் நாற்பது கட்டம் உள்ள எக்செல் படிவத்தை நிரப்பி அனுப்புகிறோம். "கிடைத்தது, நன்றி" என்பதைத் தவிர வேறு பதில் வந்ததில்லை. களப்பணியாளர்களுக்கு மதிப்பீடு என்றாலே பயம். போன வாரம் ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "சுத்தமா வாசிக்கத் தெரியாத பிள்ளைங்க மூணாவது மாசமே நின்னுடுறாங்க. அந்த இடத்துல கொஞ்சம் வாசிக்கிற பிள்ளைங்க வந்துடுறாங்க. அதனால எண்ணிக்கை மட்டும் குறையல." இதை எங்கே எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. எழுதினால் நிதி நின்றுவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. மதிப்பீட்டிலிருந்து உண்மையிலேயே எதையாவது கற்றுக்கொள்ள முடியுமா?

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

முடியும். சொல்லப்போனால், உங்கள் களப்பணியாளர் அதைத் தொடங்கிவிட்டார். யாரும் கேட்காமலே அவர் சொன்ன அந்த மூன்று வாக்கியங்களில் ஒரு நல்ல மதிப்பீட்டுக்கு வேண்டிய கரு இருக்கிறது. திட்டம் யாருக்காகத் தொடங்கப்பட்டதோ அவர்களே வெளியே போய்விடுகிறார்கள். யாருக்கு அவ்வளவாகத் தேவையில்லையோ அவர்கள் அந்த இடத்துக்கு வருகிறார்கள். வருகைப் பதிவேடு இந்த இரண்டையும் கூட்டிக் கழித்து "மாற்றம் எதுவும் இல்லை" என்கிறது. நீங்கள் மாதாமாதம் அனுப்பும் நாற்பது கட்டங்களில் இவ்வளவு முக்கியமான செய்தி ஒன்றுகூட இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

எட்டு மாதம் கழித்து மதிப்பீட்டாளர் வந்து வழக்கமான முறையில் வேலையைச் செய்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றைக்கு மையத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வாசிப்புத் தேர்வு வைப்பார். தொடக்கத்தில் எடுத்த பேஸ்லைன் கணக்கோடு சராசரியை ஒப்பிடுவார். சராசரி நன்றாகவே ஏறியிருக்கும். ஆனால் அந்த ஏற்றத்தில் உங்கள் பங்கு எவ்வளவு என்று அவரால் சொல்ல முடியாது. முதலாவது, மிகவும் பின்தங்கியவர்கள் வெளியேறிவிட்டதால் மட்டுமே சராசரி ஏறும், ஒரு பிள்ளைகூட ஓர் எழுத்து புதிதாகக் கற்காவிட்டாலும் ஏறும். இரண்டாவது, பிள்ளைகள் வளர்கிறார்கள், பள்ளிக்கும் போகிறார்கள். ஒரு வருடத்தில் அவர்கள் வாசிப்பு எப்படியும் கொஞ்சம் முன்னேறும். மூன்றாவதை நம் மதிப்பீட்டுத் துறையிலேயே பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரு தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், அவர்களில் சிலர் அன்று உடம்பு சரியில்லாமலோ பயத்திலோ குறைவாக எழுதியவர்களாக இருப்பார்கள். மறுபடி தேர்வு வைத்தால் அவர்கள் தம் இயல்பான நிலைக்குத் திரும்புவார்கள். பார்ப்பவருக்கு அது முன்னேற்றமாகத் தெரியும்.

ஆக, "திட்டம் நல்ல பலன் தந்துள்ளது" என்று ஒரு ரிப்போர்ட் வரும். எல்லோருக்கும் நிம்மதி. அதுவும் அலமாரிக்குப் போகும். மூன்றாம் மாதம் நின்ற பிள்ளைகள் அதில் எங்கேயும் இருக்க மாட்டார்கள்.

இது உங்கள் நிறுவனத்தில் மட்டும் நடப்பதில்லை. 1996இல் கென்யாவில் பின்தங்கிய கிராமப்புறப் பள்ளிகளில் ஒரு சோதனை தொடங்கியது. 100 பள்ளிகளில், முதல் வருடம் 25 பள்ளிகளுக்கு மட்டும் பாடப்புத்தகங்கள் கொடுத்தார்கள். எந்தப் பள்ளி முதலில் என்பதைத் தற்செயல் தெரிவாக முடிவு செய்ததால், மற்றப் பள்ளிகளோடு நேர்மையாக ஒப்பிட முடிந்தது. புத்தகமே இல்லாத வகுப்பறைக்குப் புத்தகம் போனால் மதிப்பெண் கூடும் என்றுதான் யாரும் நினைப்போம். சராசரி மதிப்பெண் கூடவில்லை. ஏற்கெனவே முன்னணியில் இருந்த மாணவர்கள் மட்டும் முன்னேறினார்கள். புத்தகங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. அவர்களால் அந்தப் புத்தகத்தை வாசிக்கவே முடியவில்லை. "எத்தனை புத்தகம் கொடுத்தோம்" என்ற எண்ணை மட்டும் பார்த்திருந்தால் அந்தத் திட்டம் நூற்றுக்கு நூறு வெற்றி. யாருக்குப் பயன்பட்டது, யாருக்குப் பயன்படவில்லை என்று பிரித்துப் பார்த்த பிறகுதான் பாடம் கிடைத்தது. உங்கள் களப்பணியாளர் பிரித்துப் பார்த்ததும் இதைத்தான்.

"அப்படியென்றால் பிள்ளைகளையும் பெற்றோரையும் நேரில் கேட்டுவிடலாமே, திட்டம் உதவியதா என்று?" என நீங்கள் நினைக்கலாம். கேளுங்கள். ஆனால் அந்தப் பதிலை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். இதற்கு எங்கள் துறையில் மறக்க முடியாத ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ், சோமர்வில் என்ற இரண்டு ஊர்களில், சிறுவர்கள் குற்றப் பாதையில் போகாமல் தடுக்க 1939இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஒத்த பின்னணி உள்ள சிறுவர்களை இரண்டிரண்டாக இணைத்து, ஒவ்வொரு இணையிலும் ஒருவரை நாணயம் சுண்டித் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு ஆலோசகர் வீட்டுக்கே வருவார், பாடத்தில் உதவி, மருத்துவ உதவி, கோடை முகாம் எல்லாம் உண்டு. சராசரியாக 5 வருடம் இது நடந்தது. ஆய்வில் இருந்தவர்கள் மொத்தம் 506 பேர். முப்பது வருடம் கழித்து ஜோன் மெக்கார்ட் என்ற ஆய்வாளர் அவர்களைத் தேடிப் பிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் திட்டம் தங்களுக்கு உதவியது என்று அன்போடு நினைவுகூர்ந்தார்கள். ஆனால் பதிவுகளைப் பார்த்தபோது குற்றத்தில் அவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்திருக்கவில்லை. குடிப்பழக்கம், இளவயது மரணம் போன்ற சிலவற்றில் நிலைமை அவர்களுக்குத்தான் மோசமாக இருந்தது. 1978இல் இது வெளியானபோது பலரால் நம்ப முடியவில்லை. அக்கறையோடு செய்த வேலை தீங்காகவும் முடியலாம், அதைப் பெற்றவருக்கே அது தெரியாமலும் போகலாம். நான் இந்த வேலையில் இருப்பதற்கு இந்த ஆய்வும் ஒரு காரணம்.

வெற்றிக் கதைகளுக்கும் இது பொருந்தும். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பானைக்குச் சரி. உள்ளே எல்லா அரிசியும் ஒரே தண்ணீரில், ஒரே சூட்டில் வேகிறது. பிள்ளைகள் அப்படி இல்லை. ரிப்போர்ட்டின் அட்டையில் சிரிக்கும் ஒரு பிள்ளையைப் பார்த்து, வராமல்போன பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

சரி, என்ன செய்யலாம்?

முதலில் வரிசையை மாற்றுங்கள். நம்மில் பெரும்பாலோர் தரவைச் சேகரிக்கிறோம், ரிப்போர்ட் எழுதுகிறோம், கடைசியில் "இதை வைத்து என்ன செய்வது?" என்று கேட்கிறோம். அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். யார், எந்தத் தேதியில், என்ன முடிவு எடுக்கப் போகிறார்கள்? அந்த முடிவு மாறுவதற்கு அவர்கள் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? மைக்கேல் க்வின் பேட்டன் என்ற அமெரிக்க மதிப்பீட்டாளர் 1978இலிருந்தே இதை வலியுறுத்தி வந்தார். ஒரு மதிப்பீடு எவ்வளவு நுட்பமானது என்பதைவிட, குறிப்பிட்ட மனிதர்கள் அதைக் குறிப்பிட்ட காரியத்துக்குப் பயன்படுத்தினார்களா என்பதே அவருக்கு உரைகல். கேட்க எளிதாக இருக்கிறது. நடைமுறையில் பத்தில் ஒரு மதிப்பீடுகூட இப்படித் தொடங்கி நான் பார்த்ததில்லை.

நானும் அப்படித் தொடங்காமல் தவறு செய்திருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு தொழிற்பயிற்சித் திட்டத்துக்கு எண்பது பக்க ரிப்போர்ட் எழுதினேன். ஒவ்வொரு அட்டவணையையும் இரண்டு முறை சரிபார்த்தேன். பயிற்சியின் நீளத்தைக் குறைத்தது பெண்களைத்தான் அதிகம் பாதித்தது என்று தெளிவாகக் காட்டியிருந்தேன். நான் அதைக் கொடுத்தபோது அடுத்த வருடத்துக்கான திட்டம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது, அதே குறைந்த நீளத்தோடு. முடிவு எடுக்கும் கூட்டம் எப்போது என்று நான் யாரையும் கேட்கவே இல்லை. அந்தப் பயிற்சிக்கு வர முடியாமல்போன பெண்களை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் விஷயத்தில் அந்தத் தேதிகள் என்ன? அடுத்த தவணைப் பிள்ளைகளை எப்போது சேர்க்கிறீர்கள்? புதுப்பித்தலுக்கான விண்ணப்பம் எப்போது போக வேண்டும்? இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதுங்கள். எட்டாவது மாத முடிவில் வரும் ரிப்போர்ட் இரண்டுக்குமே உதவாது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். மைக்கேல் ஸ்க்ரிவன் 1967இல் மதிப்பீட்டை இரண்டாகப் பிரித்தார். வேலை நடக்கும்போதே அதைச் சீராக்கச் செய்வது ஒன்று, முடிந்த பிறகு தீர்ப்புச் சொல்லச் செய்வது இன்னொன்று. உங்கள் ஒப்பந்தம் இரண்டாவதைக் கேட்கிறது. உங்களுக்கு இப்போது வேண்டியது முதலாவது.

ஒரு பயிற்சியை மட்டும் கட்டாயம் செய்து பாருங்கள், அரை நாள் போதும். தரவைத் தொடுவதற்கு முன், கற்பனையான முடிவுகளை ஒரு தாளில் எழுதி எல்லோர் முன்னாலும் வையுங்கள். "தொடக்கத்தில் எழுத்துகூடத் தெரியாத பிள்ளைகளில் பாதிப் பேர் மூன்று மாதத்துக்குள் நின்றுவிட்டார்கள்" என்று வந்தால் நாம் எதை மாற்றுவோம்? "பத்தில் ஒருவர்தான் நின்றார்" என்று வந்தால்? இரண்டுக்கும் ஒரே பதில்தான் என்றால் அந்தக் கேள்விக்காக ஒரு மணி நேரம்கூடச் செலவிட வேண்டாம். பதில்கள் வேறு வேறாக இருந்தால் அதுதான் உங்கள் மதிப்பீட்டுக் கேள்வி. இப்படி இரண்டு மூன்று தேறும். அதற்கு மேல் வேண்டாம்.

அதே அரை நாளில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். மாற்றக் கோட்பாடு என்று எங்கள் ஆட்கள் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளை மையத்துக்கு வருவதிலிருந்து தானே ஒரு பத்தியை வாசிப்பது வரை, இடையில் எதுவெல்லாம் நடந்தாக வேண்டும் என்று படிப்படியாக எழுதுவதுதான் அது. களப்பணியாளர்களே எழுதட்டும். "பிள்ளை வருகிறது" என்பதற்கும் "பிள்ளை வாசிக்கிறது" என்பதற்கும் நடுவில் எத்தனை நம்பிக்கைகளை நாம் சொல்லாமலே வைத்திருக்கிறோம் என்பது அப்போது வெளியே வரும். பயிற்சித்தாள் அந்தப் பிள்ளையின் நிலைக்குப் பொருத்தமாக இருக்கும், தப்பாக வாசித்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள், பின்தங்கிய பிள்ளைக்கு ஆசிரியர் அதிக நேரம் தருவார். இதில் எந்தப் படி உடைகிறது? மூன்றாம் மாதம் என்றால் ஏன் குறிப்பாக மூன்றாம் மாதம்? எழுத்துப் பயிற்சி முடிந்து கதை வாசிக்கத் தொடங்கும் மாதமா அது? எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது. ஆனால் இதற்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் உங்கள் ஆட்கள்தான்.

இனி தரவு. புதிதாக எதையும் சேகரிக்கத் தொடங்காதீர்கள். பழைய வருகைப் பதிவேடுகளிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மாதம் ஒரு வரியாக இருப்பதை, பிள்ளை ஒரு வரியாக மாற்றி எழுதுங்கள். பெயருக்குப் பதில் ஓர் எண், சேர்ந்த தேதி, சேர்ந்தபோது இருந்த வாசிப்பு நிலை, கடைசியாக வந்த தேதி. அவ்வளவுதான். பிறகு தொடக்க நிலைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு மாத முடிவிலும் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று பாருங்கள். களப்பணியாளர் சொன்னது எல்லா மையங்களிலும் உண்மையா, அவருடைய மையத்தில் மட்டுமா என்பது அந்த ஒரு அட்டவணையில் தெரிந்துவிடும். அவர் சொன்னது தவறாகவும் இருக்கலாம். அதையும் தெரிந்துகொள்வது நல்லதுதான்.

ஒப்பீடு வேண்டுமென்றால், சேரக் காத்திருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பாருங்கள். எப்படியும் எல்லோரையும் ஒரே நாளில் சேர்க்க இடமில்லை என்றால், முதலில் யார், பிறகு யார் என்பதைக் குலுக்கிப் போட்டுத் தீர்மானிப்பது நியாயமானதும்கூட. காத்திருப்பவர்களுக்கும் அதே தேர்வை வைத்தால், பயிற்சி இல்லாமலே எவ்வளவு முன்னேற்றம் வந்திருக்கும் என்று ஓரளவு தெரியும். உங்கள் அளவு நிறுவனத்துக்கு இதற்கு மேல் பெரிய சோதனை ஆய்வு எதுவும் தேவையில்லை. யாராவது விற்க வந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அட்டவணையால் சொல்ல முடியாததை வீடு தேடிப் போய்த்தான் கேட்க வேண்டும். நின்றுபோன பிள்ளைகளில் இருபது பேர், தொடர்ந்து வருபவர்களில் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மையத்தின் ஆசிரியரே போகக் கூடாது, அவர் முகத்தைப் பார்த்து யாரும் குறை சொல்ல மாட்டார்கள். வேறொரு மையத்துக்காரர் போகட்டும். "ஏன் நின்றுவிட்டாய்?" என்று கேட்டால் அது பிள்ளைக்குக் குற்றச்சாட்டாகத்தான் கேட்கும், "நேரமில்லை" என்ற பதில் வரும். "நீ கடைசியாக வந்த நாளில் என்ன நடந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரு நாளைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகள் கதையாகச் சொல்வார்கள். அந்தக் கதையில் காரணம் தானாக வரும். பெற்றோரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். சொல்ல விருப்பமில்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள். யார் சொன்னது என்பது மையத்துக்குத் திரும்பிப் போகக் கூடாது.

நாற்பது கட்டப் படிவத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டொனால்ட் கேம்பெல் என்ற சமூக உளவியல் ஆய்வாளர் 1970களில் ஒன்றைக் கவனித்தார். ஓர் எண்ணை வைத்து முடிவுகள் எடுக்க எடுக்க, அந்த எண்ணும் கெடும், அது அளக்க வேண்டிய வேலையும் கெடும். உங்கள் மையங்களில் காலியான இடத்தில் கொஞ்சம் வாசிக்கத் தெரிந்த பிள்ளை வந்து உட்கார்வது அதனால்தானா என்று நீங்கள் யோசிக்க வேண்டும். மையத்துக்கு இத்தனை பேர் இருக்க வேண்டும் என்பது இலக்காக இருந்தால், களப்பணியாளர் அந்த இலக்கைக் காப்பாற்றத்தான் செய்வார். அது அவர் குற்றமில்லை. நாம்தான் அவரிடம் அந்த எண்ணைக் கேட்டோம். படிவத்தை எடுத்து ஒவ்வொரு கட்டத்துக்கும் நேராக, இந்த எண் ஏறினாலோ இறங்கினாலோ எதை மாற்றுவோம் என்று எழுதிப் பாருங்கள். எழுத முடியாத கட்டங்களை நீக்கச் சொல்லி அறக்கட்டளையிடம் கேளுங்கள். மறுப்பார்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டாம். அவர்களில் பலருக்கு அந்தப் படிவம் எப்படி இவ்வளவு பெரிதானது என்றே தெரியாது.

பயத்தைப் பற்றி இரண்டு விஷயம். களப்பணியாளர் உங்களிடம் பேச்சுவாக்கில் சொன்னார், கூட்டத்தில் சொல்லவில்லை. கூட்டத்தில் சொன்னால் என்ன ஆகும் என்று அவருக்கு ஓர் எண்ணம் இருக்கிறது. மதிப்பீட்டில் தெரியவருவது யாருடைய சம்பள உயர்வையும் வேலையையும் பாதிக்காது என்று உங்கள் இயக்குநரே வாயால் சொல்ல வேண்டும், எழுதியும் தர வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். ஒரே ஒரு முறை மீறினால் அப்புறம் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

இரண்டாவது, இப்படி வெளிப்படையாகப் பேசுவதைப் பழக்கமாக்குவது. அமெரிக்க ராணுவத்தில் ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து பேசும் முறை ஒன்று வளர்ந்தது, இன்று உலகம் முழுக்கப் பல அமைப்புகள் அதைப் பின்பற்றுகின்றன. என்ன நடக்கும் என்று நினைத்தோம், என்ன நடந்தது, ஏன் வித்தியாசம், அடுத்த முறை என்ன செய்வோம். இந்த நான்கு கேள்விதான். மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பதவியில் பெரியவர் கடைசியில் பேசட்டும். பதில்களை ஒரே பக்கத்தில் எழுதி, அடுத்த மாதக் கூட்டத்தை அந்தப் பக்கத்தை வாசித்துத் தொடங்குங்கள். நான் பார்த்தவரை, பெரிய மதிப்பீடுகளைவிட இந்த ஒரு பக்கம் அதிகம் மாற்றியிருக்கிறது.

இனி நீங்கள் அதிகம் கவலைப்படும் விஷயம், அறக்கட்டளை.

என் ஆலோசனை, மதிப்பீட்டாளர் வருவதற்கு முன் நீங்களே போய்ச் சொல்லுங்கள். எட்டு மாதம் கழித்து வேறொருவர் வாயால் தெரியவந்தால் அது மறைத்த விஷயம். இப்போது அட்டவணையோடு நீங்கள் சொன்னால் அது கண்டுபிடித்த விஷயம். கடிதத்தை இப்படி எழுதலாம்: "வாசிக்கவே தெரியாத பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் நின்றுவிடுவதாக எங்கள் பதிவேடுகள் காட்டுகின்றன. இந்தத் திட்டம் அவர்களுக்காகத்தான். காரணம் தெரிந்துகொள்ள நின்றுபோனவர்களின் வீடுகளுக்குப் போகிறோம். அடுத்த தவணையில் இரண்டு மையங்களில் வேறு முறையை முயன்று பார்க்க விரும்புகிறோம். அதற்காக மாத எண்ணிக்கை இலக்கைத் தளர்த்த முடியுமா? கடைசி மதிப்பீட்டுத் தொகையில் ஒரு பகுதியை இப்போதே பயன்படுத்த அனுமதி உண்டா?" பிரச்சினை, நீங்கள் செய்வது, அவர்களிடம் கேட்பது, மூன்றும் அதில் இருக்கின்றன. வெறும் ஒப்புதல் வாக்குமூலமாக எழுதாதீர்கள்.

இப்படிச் சொன்ன அமைப்புகள் உண்டு. எஞ்சினியர்ஸ் வித்தவுட் பார்டர்ஸ் என்ற பொறியாளர்களின் தொண்டு அமைப்பின் கனடாக் கிளை 2008இலிருந்து தன் தோல்விகளை வருடாந்திர அறிக்கையாகவே வெளியிட்டது. நிதி தருபவர்கள் பக்கத்தில் உங்கள் வேலைக்கு மிக நெருக்கமான உதாரணம் ஜேம்ஸ் இர்வின் அறக்கட்டளை. கலிஃபோர்னியாவின் ஐந்து நகரங்களில் பள்ளி நேரத்துக்குப் பிந்தைய திட்டம் ஒன்றுக்குப் பல கோடி டாலர் செலவிட்டார்கள். பிள்ளைகளின் படிப்பு முன்னேற வேண்டும் என்பது நோக்கம். நடுவழியில் செய்த ஆய்வில், படிப்புக்கு ஒதுக்கப்பட்ட நேரமும் அதன் தரமும் அந்த நோக்கத்துக்குப் போதவே போதாது என்று தெரிந்தது. திட்டத்தை மூடவில்லை. வாசிப்பை மையமாக வைத்துத் திருத்தினார்கள். பயிற்சி தரமாக நடந்த இடங்களில் வாசிப்பும் முன்னேறியதைப் பின்னால் வந்த ஆய்வு காட்டியது. இந்தக் கதை முழுவதையும், தங்கள் நிர்வாகக் குழுவின் தடுமாற்றம் உட்பட, 2007இல் அறிக்கையாக எல்லோரும் படிக்க வெளியிட்டார்கள். முடிந்த பிறகு மதிப்பீடு செய்திருந்தால் "பலன் இல்லை" என்ற ஒரு வரிதான் மிஞ்சியிருக்கும்.

எல்லா அறக்கட்டளையும் அப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் வாக்குத் தர முடியாது. உண்மையைச் சொன்னதற்காக நிதி நிறுத்தப்பட்டதையும் பார்த்திருக்கிறேன். அது நடந்தால் வலிக்கும், சம்பளம் கொடுக்க வேண்டிய உங்களுக்கு இன்னும் வலிக்கும். அதனால் முதலில் தொலைபேசியில் உங்கள் தொடர்பு அதிகாரியிடம் பேசிவிட்டு, பிறகு எழுத்தில் அனுப்புங்கள். உங்கள் இயக்குநருக்கும் நிர்வாகக் குழுவுக்கும் தெரியாமல் எதையும் அனுப்பாதீர்கள். ஆனால் சொல்லாமல் இருக்கலாம் என்று மட்டும் என்னால் ஆலோசனை தர முடியாது. அந்தப் பிள்ளைகள் வெளியே நிற்கிறார்கள்.

அறக்கட்டளைகளில் இருப்பவர்கள் இதைப் படித்தால் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களுக்கு வரும் ரிப்போர்ட்டுகளில் தோல்வியே இல்லை என்றால், களத்தில் தோல்வி இல்லை என்று அர்த்தமில்லை. உங்களிடம் சொல்ல யாருக்கும் துணிவு வரவில்லை என்று அர்த்தம். "இந்தக் காலாண்டில் எது வேலை செய்யவில்லை, எதை மாற்றினீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வந்ததும் "கிடைத்தது, நன்றி" என்று முடித்துவிடாதீர்கள். படித்தோம் என்பது தெரியும்படி ஒரு கேள்வி திருப்பிக் கேளுங்கள். அடுத்த தவணைப் பணம் அந்தப் பதிலைப் பொறுத்தது இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வெளி மதிப்பீட்டாளர் விஷயம் சுலபம். இப்போதே தேடத் தொடங்குங்கள், கடைசி மாதத்தில் வேண்டாம். திட்டச் செலவில் 5 முதல் 10 சதவீதத்தை மதிப்பீட்டுக்கு ஒதுக்குவது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு, உங்கள் பட்ஜெட்டில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். வருபவரிடம், "நீங்கள் சொன்னதால் ஒரு நிறுவனம் எதையாவது மாற்றிய சம்பவம் ஒன்று சொல்லுங்கள்" என்று கேளுங்கள். முறைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் வேறொருவரைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் எண்பது பக்க ரிப்போர்ட்டைக் கேட்காமல், களப்பணியாளர்களோடு அரை நாள், பெற்றோர்களோடு ஒரு கூட்டம், பத்துப் பக்கம் என்று எழுதுங்கள். நேரம் கொடுத்துப் பதில் சொன்ன குடும்பங்களுக்கு முடிவு என்ன ஆனது என்று போய்ச் சொல்ல வேண்டும். இந்தக் கடமையை நம் துறை இன்றுவரை சரியாகச் செய்வதில்லை.

ஒரு மதிப்பீடு உடனே முடிவை மாற்றாமல் போகலாம். கேரல் வைஸ் என்ற ஆய்வாளர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். கண்டுபிடிப்புகள் நேராக முடிவாக மாறுவது அரிது, மெல்ல மெல்ல மனிதர்கள் ஒரு பிரச்சினையைப் பார்க்கும் விதத்தை அவை மாற்றுகின்றன என்பது அவர் கண்டது. உங்கள் இயக்குநர் முதல் கூட்டத்தில் தலையசைக்காவிட்டால் சோர்ந்துவிட வேண்டாம்.

இந்த வாரமே ஒரு வேலை செய்யுங்கள். அந்தக் களப்பணியாளரோடு உட்கார்ந்து, அவர் மையத்தின் முதல் வருடப் பதிவேட்டைத் திறந்து, மூன்றாம் மாதத்துக்குப் பிறகு வராத பிள்ளைகளின் பட்டியலை எடுங்கள். அவருக்கு ஒவ்வொரு முகமும் நினைவிருக்கும். முதல் வீட்டுக்கு யார், எந்த நாள் போவது என்று அன்றைக்கே இருவருமாக முடிவு செய்துவிடுங்கள். அங்கே என்ன கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள்.